மைக்கோ ஆவது எப்படி? கியோட்டோவின் பயிற்சிப் பெண்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கியோட்டோவுக்குப் போய்வந்தவர்களின் படங்களில் ஒரு பெண் தப்பாமல் இருப்பாள். வெள்ளை பூசிய முகம், தலையில் பட்டுப்பூக்கள், முதுகிலிருந்து கணுக்கால்வரை தொங்கும் 'ஒபி' என்ற இடுப்புப் பட்டை. பார்ப்பவர்கள் கெய்ஷா என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் அவள் கற்றுக்கொண்டிருக்கும் பெண். கியோட்டோவில் அவளுக்குப் பெயர் மைக்கோ. படிப்பை முடித்துத் தேர்ந்த கலைஞரைக் கெய்கோ என்பார்கள். அந்தப் படிப்பு எப்படி நடக்கிறது, அதில் எது மதிக்கத்தக்கது, எது உறுத்துகிறது என்பதை வழக்கமாக வரும் கேள்விகளை வைத்தே இங்கே சொல்கிறேன்.

எந்த வயதில் சேர்கிறார்கள்?

ஜப்பானில் கட்டாயக் கல்வி 15 வயதில், நம் ஒன்பதாம் வகுப்பு அளவில், முடிகிறது. அதை முடித்த கையோடு வருபவர்கள்தான் அதிகம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் பத்து வயதுச் சிறுமிகள்கூட இந்த வீடுகளில் வளர்ந்தார்கள். இப்போது அதற்குச் சட்டம் இடம் தராது. பெற்றோர் சம்மதம் கட்டாயம். கலைஞர் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும் என்றில்லை. இன்று வருபவர்களில் பலர் கியோட்டோவையே முன்பு அறியாதவர்கள். வடக்கே ஹொக்கைடோவிலிருந்தும் வருகிறார்கள், தெற்கே கியூஷுவிலிருந்தும் வருகிறார்கள். தொலைக்காட்சியிலோ பள்ளிச் சுற்றுலாவிலோ ஒரு மைக்கோவைப் பார்த்து, நானும் இப்படி ஆக வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தவர்கள்.

நேராகப் போய்க் கதவைத் தட்டுவதும் உண்டு, தெரிந்தவர் மூலம் போவதும் உண்டு. 1996ல் தொடங்கிய கியோட்டோ மரபுக்கலை அறக்கட்டளையும் விண்ணப்பிக்கும் பெண்களுக்கு வழிகாட்டுகிறது. உள்ளூர்க்காரர்கள் அதைச் செல்லமாக 'ஓகினி' அறக்கட்டளை என்பார்கள். கியோட்டோப் பேச்சில் நன்றி சொல்லும் சொல் அது.

கியோட்டோவில் எங்கே கற்கிறார்கள்?

'ககாய்' எனப்படும் ஐந்து பேட்டைகளில்: கியோன் கோபு, கியோன் ஹிகாஷி, மியாகவாச்சோ, போந்தோச்சோ, கமிஷிச்சிகென். முதல் நான்கும் காமோ ஆற்றை ஒட்டி நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. கமிஷிச்சிகென் மட்டும் வடமேற்கே, கித்தானோ தென்மாங்கு கோயிலுக்குப் பக்கத்தில். ஐந்திலும் பழையது அதுதான்; கோயிலைப் புதுப்பித்தபோது மிஞ்சிய மரத்தில் கட்டிய ஏழு தேநீர்க் கடைகளிலிருந்து வளர்ந்தது என்பது வழிவழியாக வரும் வரலாறு.

ஒவ்வொரு பேட்டையும் தனக்கென்று ஒரு நடனப் பள்ளியை வைத்திருக்கிறது. கியோன் கோபுவில் இனோவே, போந்தோச்சோவில் ஓனோஎ, மியாகவாச்சோவில் வகயாகி, கமிஷிச்சிகெனில் ஹனயாகி, கியோன் ஹிகாஷியில் ஃபுஜிமா. எந்தப் பேட்டையில் சேர்கிறாள் என்பதிலேயே அவள் உடம்பு என்ன பாணியில் ஆடப்போகிறது என்பது முடிவாகிவிடுகிறது. வீட்டின் அழகைப் பார்க்காமல் நடனத்தைப் பார்த்துப் பேட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் 15 வயதில் அந்த வித்தியாசம் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒகியா என்றால் விடுதி மாதிரியா?

கிட்டத்தட்ட குருகுலவாசம். ஒகியா என்பது அவள் தங்கும் வீடு. அதை நடத்தும் பெண்மணியை எல்லோரும் 'ஒக்காசான்', அதாவது அம்மா என்று கூப்பிடுவார்கள். பெரும்பாலும் அவரும் ஒரு காலத்தில் கெய்கோவாக இருந்தவர்தான். சாப்பாடு, படுக்கை, பாடத்துக்கான கட்டணம், கிமோனோ, தலைக்கு வைக்கும் ஆபரணம் எல்லாம் வீட்டுச் செலவு. ஒரு மைக்கோ ஒரு நாள் மாலை உடுத்திக்கொண்டு போவதன் மதிப்பே பல லட்சம் யென் இருக்கும்.

முதல் வருஷம் என்ன செய்வாள்?

இந்தக் கட்டத்துக்கு 'ஷிகோமி' என்று பெயர். ஏறக்குறைய பத்து மாதமோ ஒரு வருஷமோ நீளும். வெள்ளைப் பூச்சு கிடையாது, பட்டு கிடையாது. காலையில் பெருக்கித் துடைக்கிறாள், கடைக்கு ஓடுகிறாள், மூத்தவர்கள் உடுத்தும்போது கூட நின்று எடுத்துக் கொடுக்கிறாள், பகலில் நடனப் பாடத்துக்குப் போகிறாள். இரவு மைக்கோக்கள் விருந்து முடிந்து திரும்பும்வரை விழித்திருக்கிறாள்.

இதோடு பேச்சையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஹொக்கைடோ பேச்சோ டோக்கியோ பேச்சோ இங்கே செல்லாது. இழுத்துப் பேசும் கியோட்டோ வழக்கு நாக்கில் உட்கார வேண்டும். தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொரு கெய்கோவுக்கும், விருந்து நடக்கும் தேநீர் விடுதியின் அம்மாவுக்கும் நின்று வணக்கம் சொல்ல வேண்டும். ஒருவரை விட்டுவிட்டாலும் அது வீட்டுக்கு வந்து சேரும். விட்டுப் போகிறவர்கள் அதிகமாகப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

எப்போது மைக்கோ ஆகிறாள்?

நடன ஆசிரியை சரி என்று தலையசைக்க வேண்டும். அப்புறம் சுமார் ஒரு மாதம் 'மினராய்'. இப்போது உடை, ஒப்பனை எல்லாம் உண்டு, ஆனால் ஒபிப் பட்டையின் தொங்கல் பாதி நீளம்தான். ஒரு குறிப்பிட்ட தேநீர் விடுதியோடு இணைந்து, விருந்துக்கு விருந்து போய் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். பாடம் நடத்த யாரும் இல்லை. பார்த்தே கற்க வேண்டும். கதவை நின்றுகொண்டு திறக்கக் கூடாது. மண்டியிட்டு, முதலில் கை நுழையும் அளவு, பிறகு மெல்ல முழுதும். பாய் விளிம்பை மிதிக்கக் கூடாது. விருந்தினரின் கிண்ணம் எப்போது காலியாகும், எந்தப் பேச்சில் சிரிக்கலாம், எந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதை மூத்தவரின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குப் பின் 'மிசெதாஷி' என்ற அரங்கேற்ற நாள். அன்றைக்குக் குலச்சின்னம் பொறித்த கறுப்புக் கிமோனோ. வழக்கமான நாளில் பிடரியில் வெள்ளைப் பூச்சு இரண்டு கூர்களாக இறங்கும், அன்று மூன்று. வீட்டு வாசலில் வாழ்த்துத் தாள்கள் வண்ணவண்ணமாக ஒட்டியிருக்கும். வீடு வீடாகப் போய் வணங்கி, 'இன்றிலிருந்து நான் வந்திருக்கிறேன்' என்று பேட்டைக்கே அறிவிக்கிறாள்.

மூத்த அக்கா என்கிறார்களே, அது யார்?

அரங்கேற்றத்தில் ஒரு கெய்கோவோடு, அல்லது மூத்த மைக்கோவோடு, கிண்ணம் மாற்றிச் சாகே என்ற அரிசி மதுவை அருந்துவார்கள். ஜப்பானியத் திருமணத்தில் மணமக்கள் செய்யும் அதே மும்மூன்று மிடறுச் சடங்கு. அன்றுமுதல் அவர் 'ஒனேசான்', அக்கா. அக்காவின் பெயரிலிருந்து ஓர் எழுத்து தங்கையின் தொழில்பெயருக்கு வரும். போந்தோச்சோவில் 'இச்சி' என்று தொடங்கும் பெயர்கள் வரிசையாக இருப்பது அப்படித்தான்.

வெறும் மரியாதை உறவு இல்லை இது. தங்கை ஒரு விருந்தில் தப்பாக நடந்துகொண்டால், மறுநாள் அந்த விடுதிக்குப் போய் மன்னிப்புக் கேட்பவர் அக்கா. தன் வாடிக்கையாளர்களை அவளுக்கு அறிமுகம் செய்பவரும் அவரே. இந்தப் பயிற்சிமுறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது: கற்பவளின் பிழைக்குக் கற்பிப்பவர் பேர் போகிறது.

என்னென்ன கலைகள் கற்கிறாள்?

நடனம்தான் முதலில். அப்புறம் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம், தோளில் வைத்துத் தட்டும் சுசுமி, குச்சியால் அடிக்கும் தைக்கோ, புல்லாங்குழல், நீண்ட கதைப்பாட்டான நகவுத்தா, குறும்பாட்டான கோவுத்தா, தேநீர்ச் சடங்கு. சிலர் தூரிகை எழுத்தும் பூ அடுக்கலும் கற்கிறார்கள்.

கியோன் கோபுவில் பாடம் நடக்கும் இடம் யாசகா ந்யோகோபா பள்ளி. இதன் வேர் 1872ல் இருக்கிறது. அந்த ஆண்டுதான் ஜப்பானிய அரசு, கடனுக்கு அடகுபோன கெய்ஷாக்களையும் விலைமாதர்களையும் விடுவித்து ஆணையிட்டது. விடுதலையானவர்களுக்குத் தையலும் எழுத்தும் சொல்லிக் கொடுக்கப் பிறந்த நிறுவனம், பிறகு கலைப்பள்ளியாக வளர்ந்தது. தலைநகரம் டோக்கியோவுக்குப் போன பிறகு சோர்ந்து கிடந்த கியோட்டோவைத் தூக்கி நிறுத்த, அதே 1872ல் ஒரு பொருட்காட்சி நடந்தது. அதற்காகத் தொடங்கிய நடன நிகழ்ச்சிதான் 'மியாக்கோ ஒதோரி'. நடனம் அமைத்தவர் மூன்றாம் இனோவே யாச்சியோ. 1838ல் பிறந்து 1938வரை வாழ்ந்தவர். இப்போதைய தலைவி ஐந்தாம் இனோவே யாச்சியோவுக்கு 2015ல் அரசின் 'வாழும் தேசியச் செல்வம்' தகுதி கிடைத்தது. பெயரும் பொறுப்பும் ஐந்து தலைமுறையாகப் பெண்கள் கையிலேயே இருக்கின்றன.

இந்த இனோவே நடனத்தை முதல்முறை பார்ப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். துள்ளல் இல்லை, சுழற்சி இல்லை, முகத்தில் பாவம் இல்லை. ஒரு சின்ன பாய் அறையில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கையெட்டும் தூரத்தில் இருப்பவருக்காக ஆடப்பட்ட நடனம். தூசி எழக் கூடாது. 'நோ' என்ற பழைய முகமூடி நாடகத்திலிருந்தும் பொம்மலாட்டத்திலிருந்தும் நிறைய வாங்கிக்கொண்டது. இடுப்பைத் தாழ்த்தி, முழங்கால் மடக்கி, பாதத்தைத் தரையோடு இழைத்து நகர வேண்டும். நீளக் கிமோனோவுக்குள் முழங்கால் மடங்கியிருப்பது நமக்குத் தெரியாது, ஆடுபவளின் தொடைக்குத் தெரியும். விசிறியை ஒரு விரற்கடை சாய்த்தால் நிலா, இன்னும் கொஞ்சம் சாய்த்தால் சாகே கிண்ணம். இது உடம்பில் ஏறப் பல வருஷம் பிடிக்கும். மைக்கோவாக இருக்கும் ஐந்து வருஷத்தில் இது கைவராது என்பதை அவளே அறிவாள்.

உடையைப் பார்த்தே எத்தனையாவது வருஷம் என்று சொல்லலாமா?

பழகினால் சொல்லலாம். கீழுதட்டில் மட்டும் சிவப்பு இருந்தால் புதியவள், முதல் வருஷம். உள்கழுத்துப் பட்டை சிவப்பாக இருக்கும். வருஷம் ஏற ஏற வெள்ளைப் பூவேலை அந்தச் சிவப்பை மூடிக்கொண்டே போகும். தலைக்கொண்டை முதலில் 'வரேஷினோபு', இரண்டு மூன்று வருஷம் கழித்து 'ஒஃபுக்கு'. கிமோனோவின் தோளிலும் கையிலும் மடிப்புத் தையல் இருக்கும். வளரும் குழந்தைக்குப் பின்னால் பிரித்துவிடலாம் என்று தைப்பது அது. அவள் சிறுமி என்பதற்கு அடையாளம். முதுகில் தொங்கும் 'தராரி' ஒபி ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், அதன் நுனியில் வீட்டுச் சின்னம். வழிதவறினால் எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியட்டும் என்பதற்காக வைத்தது என்பார்கள். அதை இறுக்கிக் கட்ட ஆண் உடுத்துநர்கள் இருக்கிறார்கள், 'ஒதோகோஷி' என்று. அந்தத் தொழிலில் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள்.

தலையில் வைக்கும் 'கன்சாஷி' மாதம் தவறாமல் மாறும். பிப்ரவரியில் பிளம் பூ, மார்ச்சில் கடுகுப் பூ, ஏப்ரலில் செர்ரி, நவம்பரில் சிவந்த மேப்பிள் இலை. புத்தாண்டில் உண்மையான நெற்கதிரும் ஒரு வெள்ளைப் புறாவும். புறாவுக்குக் கண் இருக்காது. மனதுக்குப் பிடித்தவரிடம் கொடுத்து மையால் கண் வைத்துக்கொள்வாள். டிசம்பர் ஆபரணத்தில் காபுகி நாடக அரங்கின் பெயர்ப்பலகைபோல இரண்டு வெற்றுப் பலகைகள். கியோட்டோவின் காபுகி அரங்கான மினாமிசாவுக்குப் போய் விருப்பமான நடிகர்களிடம் அதில் கையெழுத்து வாங்குவார்கள். 17 வயதுப் பெண்ணின் ஆசைக்கும் மரபில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். நாம் கண்கொட்டாமல் பார்க்கிற பூவும் சிவப்பும் தொங்கும் ஒபியும் எல்லாமே இளையவள் என்பதற்கான குறிகள். கெய்கோ ஆனதும் இவை ஒவ்வொன்றாகப் போய்விடும்.

அந்தக் கொண்டை சொந்த முடியா? எப்படித் தூங்குவாள்?

சொந்த முடிதான். வாரத்துக்கு ஒருமுறை சிகையலங்காரக் கடையில் மெழுகெண்ணெய் தடவி, சூடாக்கி இழுத்துக் கட்டுவார்கள். அடுத்த முறைவரை கலையாமல் காக்க, கழுத்துக்கு மட்டும் தாங்கல் கொடுக்கும் உயரமான கட்டைத் தலையணையில் படுக்க வேண்டும். தலைக்குக் குளிப்பதும் வாரத்துக்கு ஒருமுறைதான். உச்சியில் இழுபட்டு இழுபட்டுப் பலருக்கு அந்த இடத்தில் முடி கொட்டி வழுக்கை விழும். கெய்கோக்கள் சவுரிக்கொண்டைக்கு மாறிவிடுவதால் இந்தத் தொல்லை அப்போது தீரும்.

மாலை விருந்தில் என்ன நடக்கிறது?

விருந்து நடக்கும் இடம் ஒச்சாயா, தேநீர் விடுதி. அறிமுகம் இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள். அன்றைக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. கணக்குப் பின்னால் விருந்தினரின் வீட்டுக்கு வரும், ஆகவே நம்பிக்கை முக்கியம். கலைஞரின் நேரத்துக்குக் கட்டணம். முன்னொரு காலத்தில் ஊதுபத்தி எரிந்து தீரும் கணக்கில் அளந்தார்கள்.

சாகே ஊற்றுவாள், பேசுவாள், மூத்த கெய்கோ ஷாமிசென் வாசித்துப் பாட ஒன்றிரண்டு நடனம் ஆடுவாள். அப்புறம் விளையாட்டு. 'கோன்பிரா ஃபுனே ஃபுனே' என்று ஒன்று: இருவருக்கு நடுவில் சின்னப் பலகையில் சாகே குப்பியை நிறுத்தும் அடிக்கிண்ணம். பாட்டுக்கு ஏற்ப மாறிமாறிக் கை வைக்க வேண்டும். கிண்ணம் இருந்தால் விரித்த கை, எதிராளி எடுத்துவிட்டால் மூடிய முஷ்டி. பாட்டு வேகமெடுக்க வேகமெடுக்க விருந்தினர் தோற்பார். மைக்கோ அநேகமாகத் தோற்கமாட்டாள்.

உடலை விற்கும் தொழில்தானே இது என்று சொல்கிறார்களே?

இல்லை. கெய்ஷா வேறு, விலைமாதர் வேறு என்ற பிரிவு ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்திலேயே (1603-1868) சட்டத்தில் இருந்தது. விலைமாதர் ஒபியை முன்னால் முடிவார்கள், கெய்ஷா பின்னால். 1956ல் இயற்றிய விலைமாதர் தடைச் சட்டம் 1958ல் முழுதாக அமலுக்கு வந்தது. அதற்காகப் பழைய நாளைப் பூசி மெழுகத் தேவையில்லை. வறுமையில் சிறுமிகளை விற்றார்கள். ஒரு பெண்ணோடு முதல் உறவு கொள்ளும் உரிமைக்குப் பணம் கொடுத்த செல்வந்தர்களும் இருந்தார்கள். அது நடந்த வரலாறு. இன்றைய பயிற்சியில் அதற்கு இடமில்லை.

சம்பளம் உண்டா?

மைக்கோவுக்குச் சம்பளம் இல்லை. கைச்செலவுக்குக் காசு, விருந்தினர் தரும் அன்பளிப்பு, அவ்வளவுதான். மாதத்தில் ஓரிரு நாள் விடுமுறை. ஒப்பந்தக் காலம் வழக்கமாக ஐந்தாறு வருஷம். அதில் அவள் ஈட்டுவது வீட்டுக்கு, அவளுக்கு ஆகும் செலவும் வீட்டுக்கு.

16 வயதுப் பெண்ணை நள்ளிரவுவரை மது விருந்தில் உட்கார வைப்பது சரியா?

2022ல் முன்னாள் மைக்கோ ஒருவர் இதை வெளிப்படையாக எழுதினார். 16 வயதில் தன்னைக் குடிக்க வைத்ததாகவும், வாடிக்கையாளரோடு குளிக்கக் கட்டாயப்படுத்தியதாகவும் சொன்னார். ஜப்பான் முழுக்க விவாதம் எழுந்தது. இல்லவே இல்லை என்று மறுத்தவர்களும் உண்டு, எனக்கும் நடந்தது என்றவர்களும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? ஜப்பானில் 20 வயதுக்குமுன் மது கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவரைப் பொதுவாக இரவு 10 மணிக்கு மேல் வேலைக்கு வைக்கக் கூடாது. மைக்கோ தொழிலாளி இல்லை, பயிற்சி மாணவி என்பது பழைய பதில். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அவள் நேரத்துக்குக் கட்டணம் வாங்கிய பிறகு, அது படிப்பு மட்டும் என்று சொல்ல முடியாது. கலை கடினமாக இருக்கட்டும், விடியற்காலையில் எழுப்பட்டும், நூறு முறை ஆட வைக்கட்டும். மதுவும் பாதுகாப்பின்மையும் நடனப் பாடத்தில் எந்தப் பகுதி?

மாற்றுவழி இருக்கிறது. நீகாதா நகரின் ஃபுருமாச்சியில் கலைஞர்கள் அருகிப்போனபோது, 1987ல் உள்ளூர்த் தொழிலதிபர்கள் சேர்ந்து ரியூதோ ஷின்கோ என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அங்கே பயிற்சிக் கலைஞர்கள் மாதச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். கலை அதனால் கெட்டுப்போகவில்லை, மரபு தொடர்கிறது. டோக்கியோவிலும் பல பேட்டைகளில் 18 வயது தாண்டியவர்களையே சேர்க்கிறார்கள். கியோட்டோ தன் வழியை விட்டுக்கொடுக்காமலே இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

கெய்கோ ஆவது எப்போது?

20, 21 வயதில். 'எரிகாயே' என்ற சடங்கில் கழுத்துப் பட்டை முழு வெள்ளையாகிறது. அதற்கு முன் சில வாரங்கள் 'சாக்கோ' என்ற கொண்டை, பற்களில் கறுப்பு மை. அந்த நாட்களில் விருந்துகளில் 'குரோகாமி' என்ற நடனத்தை ஆடுவாள். பிரிந்தவனை நினைத்துக் கருங்கூந்தலை வாரும் பெண்ணின் தனிமை அதன் பொருள். முன்பு அவளுக்கு ஆடக் கொடுக்காத கனம்.

சிலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். படிக்கப் போகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், மணம் செய்கிறார்கள். தொடர்பவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் தனி வீடு பார்த்துச் சொந்தக்காலில் நிற்பார்கள். சம்பாத்தியமும் அவருடையது, கிமோனோச் செலவும் அவருடையது. நடனத்தில் நிற்பவர் 'தச்சிகாத்தா', வாத்தியமும் பாட்டும் எடுப்பவர் 'ஜிகாத்தா'. எழுபது எண்பது வயதிலும் ஷாமிசெனோடு மேடையில் அமர்பவர்கள் இருக்கிறார்கள். மைக்கோ ஆக விரும்பும் பெண் பார்க்க வேண்டியது அந்தப் பாட்டிகளைத்தான் என்பேன். பூ வைத்த ஐந்து வருஷம் அவர்களிடம் போய்ச் சேர்வதற்கான வாசல்.

வெளிநாட்டுப் பெண் சேரலாமா?

கியோட்டோவில் மிகக் கடினம். விசா, வயது, மொழி மூன்றும் தடை. மற்ற ஊர்களில் சிலர் ஆகியிருக்கிறார்கள். 2007ல் டோக்கியோவின் அசாகுசாவில் ஆஸ்திரேலியப் பெண் ஒருவர் அரங்கேறினார்.

சுற்றுலா போனால் எங்கே பார்க்கலாம்? படம் எடுக்கலாமா?

பகலில் கியோன் தெருவில் மைக்கோ உடையில் நிதானமாகப் படத்துக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் வாடகை உடை போட்ட பயணிகள். உண்மையான மைக்கோ மாலையில் வேலைக்கு விரைந்துகொண்டிருப்பாள். வழிமறிக்காதீர்கள், ஒபியைத் தொடாதீர்கள். தொல்லை தாங்காமல் 2019ல் கியோனின் தனியார் சந்துகளில் படம் எடுக்கத் தடை போட்டு, மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்தார்கள். 2024ல் சில சந்துகளைப் பயணிகளுக்கே மூடிவிட்டார்கள்.

மேடையில் பாருங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். மியாக்கோ ஒதோரி ஏப்ரல் மாதம் முழுக்க, 1913ல் கட்டிய கியோன் கோபு அரங்கில் நடக்கும். தேநீரோடு சீட்டு வாங்கினால் கெய்கோவும் மைக்கோவும் தேநீர் தருவார்கள், இனிப்பு வைத்த சின்னத் தட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மியாகவாச்சோவின் நிகழ்ச்சி வசந்தத்தில், போந்தோச்சோவின் காமோகவா ஒதோரி மே மாதத்தில், கியோன் ஹிகாஷியின் முறை நவம்பரில். பிப்ரவரி 25 அன்று அங்கே இருந்தால் கித்தானோ தென்மாங்கு கோயிலுக்குப் போங்கள். பிளம் பூத்திருக்கும் திறந்தவெளியில் கமிஷிச்சிகென் பெண்கள் தேநீர் வழங்குவார்கள். சீட்டு வேண்டும், கூட்டம் சேர்வதற்குள் காலையிலேயே போய்விடுங்கள்.